யாளிக்கு எத்தனை பெயர்

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனதும் இடது கைப் பக்கம் கல்யாண மண்டபம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா முதல்முறை அங்கே கூட்டிப்போனார். முன்வரிசைத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாயும் மிருகங்கள், அவற்றின் முதுகில் வீரர்கள், காலடியில் நசுங்கப்போகிற மாதிரி சின்னச் சின்ன ஆட்கள். ஒன்று குதிரை. இன்னொன்று குதிரை உடம்பும் சிங்க முகமுமாக இருந்தது. "அது யாளி" என்றார் அப்பா. அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். சாமி பார்க்கப் போக மனசே வரவில்லை.

போன வருடம் அக்கா மகள், கல்லூரியில் வரலாறு படிக்கிறவள், கடைசிப் பருவத்துக்கான ஆய்வேட்டுக்கு அந்த மண்டபத்துத் தூண்களையே எடுத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, வேலூர் யாளின்னு போட்டா எல்லாம் ஒரே படமா வருது. கோட்டை, அகழி, கோபுரம். தூணைக் கிட்டப்போய் யாருமே எடுக்கலையா?"

எடுத்திருக்கிறார்கள். நூற்றைம்பது வருடமாக எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்வது என் தொழில். கோயில் மலர்களுக்கும் உள்ளூர் வரலாற்று நூல்களுக்கும் படம் தேடித் தேடிப் பழகியதில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருக்கிறது. படத் தரவுத்தளங்களில் நாம் படத்தைத் தேடுவதில்லை, படத்துக்குப் பக்கத்தில் யாரோ எழுதி வைத்த சொல்லைத் தேடுகிறோம். எழுதியவர் எந்த ஊர்க்காரர், எந்தக் காலத்தவர், யாரிடம் படித்தவர் என்பதைப் பொறுத்து அந்தச் சொல் மாறும். அது தெரியாவிட்டால், கண்ணுக்கு முன்னால் படம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

யாளியையே எடுத்துக்கொள்ளலாம். நமக்கு அது யாளி. சிங்க முகம் என்றால் சிம்ம யாளி, துதிக்கை இருந்தால் கஜ யாளி. வடமொழிச் சிற்ப மரபில் படித்தவர்கள் அதை வியாளம் என்று பதிவு செய்வார்கள். ஆங்கிலப் பட்டியல்களில் 'லியோகிரிஃப்' என்று ஒரு சொல் வரும். 19ஆம் நூற்றாண்டில் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் புராணத்தில் வரும் கிரிஃபின் என்ற பறக்கும் மிருகத்தின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். இது எதுவும் தெரியாதவர்கள் 'புராணச் சிங்கம்' என்றோ, வெறுமனே 'விலங்கு' என்றோ எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொரு சொல்லைத் தட்டும்போதும் வேறு வேறு படங்கள் வரும். ஒன்றில் வருவது இன்னொன்றில் வராது.

தூணுக்கும் இதே கதை. நடுத்தூணோடு சிறு தூண்களும் உருவங்களும் ஒட்டினாற்போல ஒரே கல்லில் செதுக்கிய இந்த வகையை, இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் 'காம்பவுண்ட் பில்லர்' என்றார். பின்னால் வந்தவர்கள் 'காம்போசிட் பில்லர்' என்றார்கள். இரண்டையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் நம் சொல், எதிர்ப்பக்கம் அவர்கள் எழுதக்கூடிய சொற்கள் என்று எழுத ஆரம்பித்தோம். மூன்று பக்கம் நிறைந்தது.

அடுத்தது ஊர்ப் பெயர். இதில்தான் வடஆற்காட்டுக்காரர்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பாடு. 1989இல் வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. மீதி இருந்தது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனால் தரவுத்தளத்தில் இருக்கும் பதிவு, படம் எடுத்த நாளில் இருந்த மாவட்டத்தோடு அப்படியே நின்றுவிடுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் குடைவித்த மகேந்திரவாடிக் கோயிலை ராணிப்பேட்டை என்று தேடினால் புதிய படங்கள் மட்டுமே வரும். சமண ஓவியங்கள் உள்ள ஆம்பூர்ப் பக்கத்து ஆர்மாமலைக் குகை சில இடங்களில் வடஆற்காட்டில் இருக்கிறது, சில இடங்களில் வேலூரில் இருக்கிறது. இன்றைக்கு அது திருப்பத்தூர் மாவட்டம்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. பழைய படங்களில் 'வடஆற்காடு' என்று தேடினால் திருப்பதியும் சந்திரகிரியும் வந்து நிற்கும். அக்கா மகள் இதைத் தப்பு என்று நினைத்தாள். தப்பில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை அந்தப் பகுதிகள் வடஆற்காட்டோடுதான் இருந்தன, மாவட்டத் தலைமையிடமே சித்தூர்தான். அதனால் ஒரு படத்தில் திருப்பதி வடஆற்காட்டில் இருந்தால், அந்தப் பதிவோ அதற்கு ஆதாரமான குறிப்போ 1911க்கு முன்னால் எழுதியதாக இருக்கலாம் என்று ஊகிக்க வழி கிடைக்கிறது. மாவட்டப் பெயரே ஒரு காலக் குறிப்பு. எனக்கு இந்த மாதிரி இடங்கள் மிகவும் பிடிக்கும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூரை ஆங்கிலத்தில் இரண்டு 'எல்' போட்டு எழுதுவது இன்றைய வழக்கம். பழைய பதிவுகளில் ஒரே 'எல்' வரும், ராயவேலூர் என்றும் வரும். விரிஞ்சிபுரம் 'ஜே' போட்டும் இருக்கும், 'சிஎச்' போட்டும் இருக்கும். இரண்டையும் தட்ட வேண்டும். வேறு வழியில்லை.

சரி, எங்கே தேடுவது? நான் முதலில் போவது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படக் காப்பகத்துக்கு. 1955இல் தொடங்கிய நிறுவனம். தொடங்கின நாளிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். பெரிய கோயில் மட்டுமில்லை, வயல் நடுவில் கூரை சரிந்து கிடந்த கோயில், பூட்டிய அறைக்குள் இருந்த உற்சவர் செப்புத் திருமேனி எல்லாம் அதில் உண்டு. கறுப்பு வெள்ளை, நேரே நின்று எடுத்தது, அழகுக்காக எடுத்ததல்ல. அதுதான் அதன் பலம்.

அந்தப் பலம் என்னவென்று உலகத்துக்குத் தெரிந்தது சிலை திருட்டு வழக்குகளில். அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயில் அர்த்தநாரீசுவரர் கற்சிலை அதற்கு முன்பே சிட்னியில் உள்ள இன்னொரு கலைக்கூடத்துக்குப் போய்விட்டது. இந்தச் சிலைகள் கோயிலில் இருந்தபோது எடுத்த புதுச்சேரிப் படங்களை, அருங்காட்சியகங்கள் வெளியிட்ட படங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றேதான் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 2014இல் இரண்டும் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. யாரோ ஒரு படக்காரர் ஒரு நாள் வெயிலில் வந்து, குருக்களைக் கேட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் ஒழுங்காக எழுதி வைத்தார். பல வருடங்கள் கழித்து அந்தக் குறிப்பு சாமியை ஊருக்குக் கூட்டி வந்தது. படத்தோடு அந்தக் குறிப்பு இல்லாமல் போயிருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம், தேதி எழுதாமல் நான் கணினியில் போட்டு வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான படங்கள் ஞாபகம் வந்து மனசை உறுத்தும்.

அடுத்தது குருகிராமில் உள்ள அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் கலை, தொல்லியல் மையம். மைக்கேல் மைஸ்டரும் எம்.ஏ. டாக்கியும் பதிப்பித்த கோயிற்கட்டடக் கலைக் களஞ்சியத்துக்குப் பின்புலமாக இருந்த படங்கள் இங்கேதான் இருக்கின்றன. ஒரு கோயிலை அதிட்டானம், சுவர், கொடுங்கை, விமானம் என்று பகுதி பகுதியாக எடுத்திருப்பார்கள். கலைச்சொற்கள் பெரும்பாலும் வடமொழியில் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே யாளியைத் தேடினால் போதாது, வியாளத்தையும் தேட வேண்டும். அமெரிக்காவில் ஜான், சூசன் ஹன்டிங்டன் தம்பதியர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆசியக் கலைப் படக் காப்பகமும் பயனுள்ளது. நம் மொழியில் வேண்டுமென்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தகவலாற்றுப்படை. கோயில், சிற்பம், கல்வெட்டு எல்லாம் தமிழிலேயே விவரத்தோடு இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

இனி கொஞ்சம் தூரம் போகலாம். படத்தில் இருப்பது என்ன என்பதை ஒழுங்காகப் பதிவு செய்யும் கலையில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் நூறு வருடமாக உழைத்திருக்கிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1917இல் சார்லஸ் ரூஃபஸ் மோரி என்ற பேராசிரியர் அட்டைகளில் தொடங்கிய இடைக்காலக் கலைச் சுட்டி இன்றைக்கு இணையத்தில் இருக்கிறது. 2023 முதல் கட்டணமும் இல்லை. லண்டனில் வார்பர்க் நிறுவனத்தின் படிமத் தரவுத்தளம் இருக்கிறது. இவற்றோடு ஐகான்கிளாஸ் என்று ஒரு வகைப்பாட்டு முறை. நெதர்லாந்தில் லைடன் நகரப் பேராசிரியர் ஹென்றி வான் டெ வால் உருவாக்கியது. படத்தில் வரும் ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு குறியீடு. வேறு வேறு மொழிகளில் தேடினாலும் அந்தக் குறியீட்டில் போய் முட்டும். எவ்வளவு நல்ல யோசனை!

ஆனால் அதன் பத்துப் பெரும் பிரிவுகளைப் பார்த்தபோது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பைபிளுக்கு ஒரு முழுப் பிரிவு, எண் 7. கிரேக்க, ரோமானியப் புராணங்களுக்கு ஒரு முழுப் பிரிவு, எண் 9. நம்முடைய சிவனும் திருமாலும் சமணத் தீர்த்தங்கரரும் புத்தரும் 'கிறித்தவம் அல்லாத சமயங்கள்' என்ற ஓர் உட்பிரிவுக்குள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஓவியங்களுக்காகச் செய்த முறை அது, அவர்கள் வேலைக்கு அது சரி. நம் வேலைக்குப் பத்தாது. சிவனின் வடிவங்களான பிட்சாடனருக்கும் கங்காளருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல நமக்கு நம் ஆட்கள் கட்டிய வகைப்பாடு வேண்டும்.

வேறுபாடு தெரியாமல் பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு வள்ளிமலையில் ஓர் உதாரணம் கிடைத்தது. காட்பாடியிலிருந்து போகிற தூரம்தான். முருகன் வள்ளியை மணந்த மலை என்று எல்லாரும் போவார்கள். அதே மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன, கங்க மன்னன் ராசமல்லன் இங்கே சமணப் பள்ளி அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் படித்து வெளியிட்ட கல்வெட்டுகள் இவை. இன்னொரு கல்வெட்டு, பாண மன்னனின் குருவாக இருந்த தேவசேனர் என்பவரின் உருவத்தைக் குறிப்பிடுகிறது. ஆனால் இணையத்தில் ஒரு படத் தொகுப்பில் அங்குள்ள ஒரு தீர்த்தங்கரரை 'அமர்ந்த புத்தர்' என்று போட்டிருந்தார்கள். தலைக்கு மேல் தீர்த்தங்கரர்களுக்கு உரிய முக்குடை தெளிவாகத் தெரிகிறது. உடம்பில் ஆடையில்லை, புத்தர் போர்த்தும் சீவர ஆடையின் மடிப்பு ஒரு கோடுகூட இல்லை. அக்கா மகளிடம் அந்தப் படத்தைக் காட்டி யார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மூணு குடை இருக்கே மாமா, இவர் எப்படிப் புத்தர்?" என்றாள். திருத்தம் கேட்டு எழுதினோம். இரண்டு வாரத்தில் மாற்றிவிட்டார்கள். எழுதினால் மாற்றுகிறார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

வெளிநாட்டு அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் மூன்றே முக்கால் லட்சம் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2019இல் கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் அப்படியே செய்தது. அச்சுத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. முன்பெல்லாம் நல்ல சோழர் செப்புத் திருமேனிப் படம் ஒன்று வேண்டுமென்றால் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாக வந்ததை வைத்து ஒப்பேற்றுவோம்.

அப்படித் துழாவிக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் எல்லப்பாவைக் கண்டேன். 'வேலூர் எல்லப்பா' என்றே பதிவுகளில் இருக்கிறார். 1830களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குப் படம் வரைந்து கொடுத்த ஓவியர். அவர் தன்னையே வரைந்துகொண்ட ஓர் ஓவியம் இருக்கிறது. கம்பெனி ஓவியர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எஞ்சவில்லை. 'உள்ளூர் ஓவியர்' என்று மட்டும் எழுதியிருக்கும். இவருக்குப் பெயரும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. 2019 கடைசியில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில், கம்பெனிக்கு வரைந்த இந்திய ஓவியர்களுக்காக நடந்த கண்காட்சியில் இவரும் ஒருவர். நான் பிறந்து வளர்ந்த ஊர். அவர் நடந்த கோட்டை வாசலில்தான் நானும் நடந்திருக்கிறேன். ஐம்பது வயது நெருங்கும்வரை அவர் பெயர் என் காதில் விழவில்லை. அன்றைக்கு ரொம்ப நேரம் அந்தப் படத்தை மூடாமல் திறந்தே வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் 'ஒய்' போட்டு 'யெல்லப்பா' என்று எழுதியிருக்கிறார்கள். 'இ' போட்டுத் தேடியிருந்தால் அவர் எனக்குக் கிடைத்தே இருக்க மாட்டார்.

தரவுத்தளம் என்றால் கல்வெட்டு மாதிரி நிலையானது என்று நினைத்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. நம் பகுதியின் 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களுக்கும் வரைபடங்களுக்கும் அதுதான் பெரிய வீடு. கலை வரலாறு படிப்பவர்கள் இருபது வருடமாகப் பயன்படுத்திய ஆர்ட்ஸ்டோர் படத் தொகுப்பின் தனித்தளம் 2024 ஆகஸ்டில் மூடி, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்துக்குள் போய்விட்டது. அதில் பொதுத் தொகுப்புகளை யாரும் பார்க்கலாம், மற்றவற்றுக்குக் கல்லூரி வழியாகப் போக வேண்டும். அதனால் இணைப்பை மட்டும் குறித்து வைத்தால் போதாது. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், எடுத்தவர், எடுத்த ஆண்டு, பார்த்த தேதி எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன். தளம் மாறினாலும் பதிவு எண் பெரும்பாலும் மாறாது.

இப்படியெல்லாம் தேடி அக்கா மகள் கல்யாண மண்டபத்துப் படங்களைச் சேர்த்துவிட்டாள். அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. பழைய படங்களில் மண்டபம் வெறிச்சென்று இருக்கிறது. விளக்கில்லை, பூவில்லை, மனிதர் இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் கோயிலைக் கிடங்காக வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் வழிபாடில்லை. 1981இல்தான் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி நிறுவினார்கள். அந்த வெறுமையைப் பார்த்தபோது, அப்பா என்னைக் கூட்டிப்போன நாளில் அங்கே பூஜை தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன என்பது உறைத்தது. அவர் ஏன் அன்றைக்குச் சாமி பார்க்க அவ்வளவு அவசரப்பட்டார் என்று இப்போது புரிகிறது. அவர் சின்ன வயதில் அந்தக் கருவறை காலியாக அல்லவா இருந்திருக்கும்!

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அவள் எடுத்த படங்களை, யாரும் படம் ஏற்றக்கூடிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவது. அங்கே விவரக் குறிப்பைத் தமிழிலும் எழுதலாம். 'படத்தில் இருப்பது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில், விக்கித்தரவு என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள யாளிக்கான உருப்படியைச் சேர்த்துவிட்டால், அந்த உருப்படிக்கு ஓர் எண், அந்த எண்ணின் கீழ் பல மொழிப் பெயர்கள். யாளி என்று தமிழில் எழுதியிருப்பதும் வியாளம் என்று இன்னொருவர் எழுதியிருப்பதும் ஓரிடத்தில் சேரும். ஐகான்கிளாஸ் செய்ய நினைத்ததும் இதைத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே கதவு நமக்கும் திறந்திருக்கிறது.

தூணுக்கு என்ன பெயர் போடுவது என்று நின்றோம். விரிஞ்சிபுரம் போயிருந்தபோது பழக்கமான ஒரு சிற்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவரே திரும்ப அழைத்தார்.

"இதுங்களா? அணியொட்டிக்கால்ங்க. எங்க தாத்தா காலத்திலேர்ந்து அப்படித்தான் சொல்றது. அம்மாடி, அந்த யாளி வாய்க்குள்ள கிட்ட வச்சு ஒரு படம் எடுத்திருக்கியா? பல்லு வரிசை எப்படி விட்டிருக்கான்னு பாக்கணும்."

அவள் எடுத்திருக்கவில்லை. விவரக் கட்டத்தில் 'அணியொட்டிக்கால்' என்று தட்டிச் சேமித்துவிட்டு, "மாமா, நாளைக்குக் காலையில வெயில் ஏறறதுக்குள்ள கோட்டைக்குப் போயிடலாமா?" என்றாள்.